மாராத்தாளின் தவலை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "பார்க்கலாம் சாமி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஹாலில் இருக்கும் பித்தளைத் தவலையைக் கல்யாணத்துக்குப் பிறகு பெங்களூர் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும், அதற்கு முன்னால் உள்ளே புதிதாக ஈயம் பூசி, கழுத்தில் நிவேதாவின் பெயரை வெட்டி வைக்க வேண்டும் என்றாய். "கழுத்துல ஒரு எடம் வழுவழுன்னு இருக்குதும்மா, பேரு வெட்டறதுக்குன்னே உட்ட மாதிரி" என்றும் சொன்னாய். அதைக் கேட்டதும் போனை அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டு நின்றேன். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. நேரில் சொன்னால் பாதியில் மழுப்பிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியும், அதனால் எழுதுகிறேன். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. நடுவில் எனக்குப் போன் பண்ணாதே.

அந்தத் தவலை நம்முடையது இல்லை. நாலு தலைமுறையாக நம் வீட்டில் இருக்கிறது என்று நிச்சயதார்த்தத்தன்று நீ நிவேதாவின் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாயே, அது பொய். ஆனால் நீ பொய் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யை நீ நம்பிச் சொன்னாய். அவர் தவலையைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனமுங்க, இந்த மாதிரி இப்ப எங்கீங்க கெடைக்குது" என்று தலையாட்டினார். நான் காபித் தட்டோடு பக்கத்திலேயே நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சக்கரை போதுமா என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோனேன்.

உன் அப்பா போன பிறகு, பெரியநாயக்கன்பாளையத்து லேத் பட்டறையை என்ன செய்வது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் அதைப் பழைய வீட்டுச் சாமான் வாங்கிப் பழுது பார்க்கும் கடையாக்கினேன். உன் மாமா என்னைப் பித்தளைக்காரி என்று கிண்டலடித்ததும், அதே மாமா பிறகு தன் வீட்டு ஊஞ்சல் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்ததும் உனக்குத் தெரியும். ஆரம்பத்தில் நான் நிறைய ஏமாந்தேன். அமிலத்தில் முக்கி, மண்ணில் புதைத்து எடுத்த புது விளக்கை நூறு வருஷத்து விளக்கு என்று ஒருவர் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதை நாலு நாள் பார்த்துக்கொண்டே இருந்த பிறகுதான் பிடிபட்டது. விளக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. நிஜமாகப் புழங்கிய சாமான் அப்படித் தேயாது. திரியைத் தூண்டிவிடும் பக்கம் தேய்ந்திருக்கும், சுவரைப் பார்த்து நின்ற பக்கம் புதிதாகவே இருக்கும். குடமென்றால் இடுப்பில் உட்காரும் பக்கம் மழுங்கியிருக்கும். அதன் பிறகு என்னை யாரும் ஏமாற்றியதில்லை. மரப்பெட்டியோ பீங்கான் ஜாடியோ, கையில் எடுத்ததும் எந்தக் காலத்தது, எத்தனை முறை பழுது பார்த்தது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. கதை முடியும்போது அதுவும் மிஞ்சாது, பார்த்துக்கொள்.

நீ சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, வெள்ளகோவில் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று தகவல் வந்தது. பங்காளிகள் இடத்தைப் பிரித்துக்கொண்டு, கூரையடி அட்டத்தில் கிடந்த பாத்திரங்களை மொத்தமாகத் தள்ளிவிடப் பார்த்தார்கள். வேனில் ஏற்றி வந்தேன். அதில் ஒன்றுதான் இந்தத் தவலை. பழைய வேலை, தகடும் தகடும் சேரும் இடம் பல் பல்லாகக் கோத்து ஒட்டியது. அடிவயிற்றில் வெற்றிலை அளவுக்கு ஒரு செம்பு ஒட்டு. எப்போதோ கீழே விழுந்து ஓட்டையாகி, யாரோ பித்தளை கிடைக்காமல் செம்பில் அடைத்திருந்தார்கள். கழுத்தில் புள்ளி புள்ளியாக உளியால் குத்திய பெயர். மாராத்தாள்.

பெயர் எதற்கு வெட்டுகிறார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. நம் பக்கம் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பாத்திரம் ஒவ்வொன்றிலும் அவள் பெயரை வெட்டித்தான் கொடுப்பார்கள். காது குத்து, கல்யாணம் என்று பாத்திரம் ஊரெல்லாம் இரவல் போகும். பத்து வீட்டுத் தவலை ஓரிடத்தில் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். எது யாருடையது என்று பார்த்து, அந்தந்த வீட்டுக்கே திரும்பிப் போய்ச் சேரத்தான் பெயர். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அழித்தேன்.

கோவையில் ஒரு ஓட்டல்காரர் வாசலில் பூ மிதக்கவிடப் பழைய தவலைகள் கேட்டிருந்தார். "ஊரான் பேரு இருந்தா நல்லாருக்காதுங்க, சுத்தமா இருக்கோணும்" என்றார். ஒரு காலை நேரத்தில் தவலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் அரம், அடுத்து உப்புத்தாள், கடைசியில் உன் அப்பாவின் பாலிஷ் மோட்டார். பெயர் கடைசி எழுத்திலிருந்து போனது. 'ள்' போயிற்று, 'தா' போயிற்று. 'மா' மட்டும் ஆழமாகக் குத்தியிருந்ததால் போகமாட்டேன் என்றது. நான் விடவில்லை. எனக்கு வேலை என்று வந்துவிட்டால் ஒரு வெறி பிடிக்கும், உனக்கும் அது இருக்கிறது. அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆனதும், நன்றாகச் செய்துவிட்டோம் என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

அன்றைக்கு மத்தியானமே அந்த அம்மா வந்தார். மோட்டாரை நிறுத்தி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். தலைமுடியில் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, "ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டார். கடைக்குள் வர யாராவது அப்படிக் கேட்பார்களா? உட்காரச் சொன்னேன். பேர் கண்ணம்மாள், சோமனூரில் தறி ஓட்டுகிறேன் என்றார்.

"வெள்ளகோயலுப் பக்கம் ஒரு ஊட்டுச் சாமானமெல்லாம் நீங்க எடுத்தீங்கன்னு சொன்னாங்க. அதுல ஒரு தவலை வந்துச்சுங்களா அம்மணி? கழுத்துல மாராத்தான்னு பேரு வெட்டியிருக்குமுங்க."

"அவிய உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டேன்.

"எங்கம்மாவுங்க. எனக்கு ரெண்டு வயசுல தவறிப்போயிட்டாங்க. எங்கப்பாரு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, நான் மாமன் ஊட்டுல வளந்தனுங்க. அம்மா மூஞ்சி எனக்கு நெனப்பில்லீங்க. போட்டோ இல்ல, ஒரு கடுதாசி இல்ல. அவிய பேரு எழுதுனதுன்னு இந்த ஒலகத்துல இருந்தது அந்தத் தவலை ஒண்ணுதானுங்க. எங்கப்பாரு ஊட்ட இடிக்கறாங்கன்னு எனக்கு யாரும் சொல்லலீங்க, போய்ப் பார்த்தா செங்கல்லுதான் கெடக்குது."

தவலை அவருடைய முழங்காலுக்கு ஓரடி தள்ளி நின்றது. கழுத்து பளபளத்தது. என் விரலெல்லாம் பாலிஷ் கரி. எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெட்கம் வரவில்லை, பாவம் என்றும் தோன்றவில்லை. ஓட்டல்காரருக்கு என்ன சொல்வது என்றுதான் தோன்றியது. அதற்கடுத்த நிமிடம் பயம் வந்தது. அவர் தேடி வந்த பெயர் என் காலடியில் கருப்புத் தூசியாகக் கிடந்தது. தவலையைக் கொடுத்தால் அந்த மொட்டை இடத்தையும் காட்ட வேண்டுமே. "அப்படி ஒண்ணும் வரலீங்களே" என்று சொல்லிவிட்டேன். குரல்கூடத் தடுமாறவில்லை.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரை அவ்வளவு நேரம் குடிக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வாய் குடிப்பார், டம்ளரை மடியில் வைப்பார், என்னைப் பார்ப்பார். இன்னொரு வாய். எப்போது எழுந்து போவாரோ என்று எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்திருக்கத் தவலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நல்லா வெளக்கி வெச்சிருக்கறீங்க" என்றார். காலண்டர் தாளில் போன் நம்பர் எழுதிக் கொடுத்து, "எப்பக் கெடைச்சாலுஞ் சரி, ஒரு வார்த்தை சொல்லியுடுங்க அம்மணி, வாரனுங்க" என்று போய்விட்டார்.

அதன் பிறகு தவலையை என்னால் விற்க முடியவில்லை. விரிசல் இருக்கிறது என்று ஓட்டல்காரரிடம் இன்னொரு பொய் சொன்னேன். பட்டறையைக் கூட்டிய தூசியைக் குப்பையில் கொட்டவும் மனம் வரவில்லை. ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன், இன்னும் பீரோவில் இருக்கிறது. தவலையை வீட்டுக்குக் கொண்டுவந்து மணிபிளான்ட் வைத்தேன். நீ லீவுக்கு வந்தபோது, "இது ஏதும்மா புதுசா?" என்று கேட்டாய். "நம்மூட்டுப் பழசு சாமி, அட்டத்துல கெடந்துச்சு" என்றேன். உன் நாலு தலைமுறைக் கதை அங்கே தொடங்கியது.

பேய் பிசாசெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் ஏழு வருஷமாக அந்த அம்மாள் என்னோடு இருக்கிறாள். கண்ணம்மாளைச் சொல்லவில்லை, மாராத்தாளைச் சொல்கிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது என் கட்டைவிரல் தானாக அந்த இடத்துக்குப் போகும். வழுவழுப்பான இடத்தில் எனக்கு மட்டும் புள்ளிகள் தட்டுப்படும். ரேஷன் கடை வரிசையில் ஒருநாள் யாரோ யாரையோ "மாராத்தா" என்று கூப்பிட்டார்கள். வரிசையில் நின்ற நான் "ஏனுங்க" என்று திரும்பிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெயருக்கு இப்போது வேறு இடமில்லை, அதனால் என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது என்றே நினைத்தேன். காலண்டர் தாளை எடுத்து ஒருமுறை அந்த நம்பருக்குப் போட்டேன். "யாருங்க?" என்று கேட்டதும் வைத்துவிட்டேன். எனக்குத் தைரியம் அவ்வளவுதான்.

இவ்வளவும் தெரிந்த நான், நீ கேட்டபோது மறுத்திருக்க வேண்டும் அல்லவா? மறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தவலையைக் கோட்டைமேட்டுக்கு எடுத்துப் போய்க் காதர் பாயிடம் ஈயம் பூசக் கொடுத்தேன். நம் கடைக்கு ஆரம்பத்திலிருந்து ஈயம் பூசுகிறவர் அவர்தான். நிவேதாவின் பெயரை வெட்டிவிட்டால் அந்த இடம் நிரம்பிவிடும், என் விரலும் சும்மா இருக்கும் என்று ஒரு நப்பாசை. என் நிம்மதிக்கு அந்தப் பெண்ணின் பெயரைக் கொண்டுபோய் மேலே மூடப் பார்த்தேன். நிவேதாவிடம் இதற்காக நான் தனியாக மன்னிப்புக் கேட்பேன்.

வியாழக்கிழமை காதர் பாய் கூப்பிட்டார். போனேன். பழைய ஈயத்தை வழித்து, மணல் போட்டுத் தேய்த்து, தவலையை வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்.

"அம்மணி, இந்தக் கழுத்துல பேரு வெட்ட முடியாதுங்க. யாரோ போட்டுத் தேச்சுத் தகடு மெலிஞ்சு கெடக்குது. உளி வெச்சா ஓட்டை உழுந்துபோடும்."

"சரிங்க பாய்."

"அதுக்காக மட்டும் கூப்பிடலீங்க. உள்ள கை உட்டுப் பாருங்க."

விட்டேன். கழுத்தின் உள்பக்கம், சரியாக அந்த இடத்துக்குப் பின்னால், கடுகு கடுகாகப் புடைத்திருந்தது. கண்ணு, வெளியே உளியால் குத்தினால் உள்ளே தகடு புடைக்கும். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு இது தெரியாமலில்லை. ஆனால் ஒருநாளும் உள்ளே தடவிப் பார்க்கத் தோன்றவில்லை. மேலே மேலே பூசிய பழைய ஈயத்துக்கு அடியில் அது அப்படியே இருந்திருக்கிறது. காதர் பாயிடம் ஒரு மெல்லிய தாள் வாங்கி, உள்ளே ஒட்டிப் பிடித்துப் பென்சிலால் தேய்த்தேன். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி விழுந்தது. தாளைத் திருப்பி வெயிலில் பிடித்தேன். மாராத்தாள் என்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. காதர் பாய் உள்ளே போய் டீ சொன்னார். ஈயம் பூச வேண்டாம், பூசினால் மறுபடியும் மூடிவிடும் என்று சொல்லி, அப்படியே தூக்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்த நம்பருக்குப் போட்டேன். இந்த முறை வைக்கவில்லை. "பெரியநாய்க்கம்பாளையத்துல இருந்து பேசறனுங்க, பழைய சாமான் கடை" என்றேன். அந்தப் பக்கம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர், "தவலைங்களா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏழு வருஷம் கழித்து முதல் வார்த்தையே அதுதான் வந்தது. கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தெரிந்தவர் வேனில் நானே கொண்டுபோனேன். சோமனூரில் அவர் வீட்டு முன்கட்டில் இரண்டு தறி. நான் இறங்கியதும் இரண்டையும் நிறுத்திவிட்டு வந்து, தவலையின் ஒரு பக்கத்தை அவரே பிடித்தார். பாயில் இறக்கி வைத்தோம். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "நீங்க வந்தன்னைக்கு இது அங்கதான் இருந்துச்சுங்க. அன்னைக்குக் காத்தாலதான் பேர நான் அழிச்சுப்போட்டேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன்" என்றேன். பென்சில் தேய்த்த தாளைக் கொடுத்தேன். அவர் தாளை ஒரு பார்வை பார்த்து மடியில் வைத்துக்கொண்டு, தவலைக்குள் கையை விட்டார். அறுந்த இழையை ஓடும் தறியில் தேடிப் பிடிக்கிற விரல்கள். நான் காட்டுவதற்கு முன்பே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகத் தடவினார். கடைசி வரைக்கும் போய், மறுபடியும் முதலிலிருந்து. அவர் அழவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை வெளியே எடுத்து, தவலையைச் சாய்த்து, அடிவயிற்றில் இருந்த செம்பு ஒட்டைக் காட்டினார். "கெணத்துப் படியில எங்கம்மா இதைப் போட்டுட்டாங்களாமுங்க. மாமியா ஊட்டுல பேசுவாங்கன்னு பயந்து எங்க மாமங்கிட்டக் குடுத்து ஒட்டுப் போட்டாங்களாம். செம்புலதான் போட்டோம், வெத்தல மாதிரி இருக்கும்னு மாமன் எத்தன தடவ சொல்லிருக்காரு. அன்னைக்கு உங்க கடையில உக்காந்ததுமே பார்த்துட்டனுங்க. கழுத்து மட்டும் புதுசா மின்னுச்சு. உங்க கையெல்லாம் கரியா இருந்துச்சு."

"அப்பறம் ஏனுங்க அன்னைக்குக் கேக்கல?" என்றேன்.

"பேரில்லாத சாமானத்த எப்படீங்க என்னோடதுன்னு கேக்கறது? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. எனக்குத் தாகமே இல்லீங்க அன்னைக்கு. அந்தத் தண்ணி தீர்ற வரைக்கும் பார்த்துப்போட்டுத்தான் எந்திரிச்சேன்."

குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னார். நான் கிளம்பும்போது எனக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் தாகமில்லை. ஆனாலும் நின்று முழுக்கக் குடித்தேன்.

நிவேதாவுக்குப் புதிதாக ஒரு தவலை வாங்குவோம். அவளையே கடைக்குக் கூட்டிப் போய், எங்கே வெட்ட வேண்டும், எந்த எழுத்தில் வெட்ட வேண்டும் என்று அவளே சொல்லட்டும். வேறொரு வீட்டிலிருந்து பெயரோடு வருகிறவள் அவள். நம் வீட்டுக்குத் தோதாக இருக்கட்டும் என்று எதையும் தேய்க்கப் பார்க்காதே, நானும் பார்க்கமாட்டேன். கல்யாணப் புத்திமதி என்று என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

நீ வரும்போது ஹாலில் அந்த மூலை காலியாக இருக்கும். நிவேதாவின் அப்பா கட்டாயம் கேட்பார், அவர் கண்ணில் எதுவும் தப்பாது. திருடு போய்விட்டது, பழுதுக்குப் போயிருக்கிறது என்று எதையாவது சொல்லி என்னைக் காப்பாற்றலாம் என்று உனக்குத் தோன்றும். வேண்டாம். அவர் கேட்டால் நீ பேசாமல் இரு சாமி. காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நானே சொல்கிறேன்.

அம்மா